ஒகாகுனேயில ஆர் இருக்கினம்?

1996 யூன் பதினேழாம் திகதி, திங்கட்கிழமை. ஓக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் இன்னும் விடியவில்லை. கண்மணிச் சித்தி காரின் முன்இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, "வெளிக்கிடுங்கோ அப்பா, பனி உருகப் போகுது" என்றார்.

"மலை ஒரு இடமும் ஓடாது" என்றார் ஆனந்தராசா சித்தப்பா. சொல்லிவிட்டு மூன்றாவது தடவையாக இறங்கிப்போய் வீட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

பின்இருக்கையில் நானும் கஜானியும். சித்தியின் மகள் கஜானிக்குப் பதினான்கு வயது, காதில் வோக்மன். எங்கள் இருவருக்கும் நடுவே இடியப்பமும் கட்டைச் சம்பலும் நிரம்பிய குளிர்ப்பெட்டி. டிக்கியில் பனியில் வழுக்காமல் சில்லுக்குக் கட்டும் சங்கிலி, கம்பளிப் போர்வைகள், சித்தி வேலைத்தலத்தில் கேட்டு வாங்கிய ஃப்ரீசர் ஜாக்கெட்டுகள். இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு குடும்பம் குடிபெயர்வதற்கான சாமான்.

நாங்கள் தகனினியைத் தாண்டித் தெற்கே ஓடிக்கொண்டிருந்தபோது, போகவிருந்த மலை வெடித்தது. எங்களுக்கு அது தெரியாது. சித்தி பாட்டுக் கசெட் போட்டிருந்தார். வானொலி போட விடவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் இரண்டு மாதங்கள் இருந்தன. சித்தியைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் அந்த இரண்டு மாதங்களிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பென்ரோஸில் மரக்கறிகளை உறையவைத்துப் பை போடும் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடமாக வேலை. பாதி நாள் பொதி கட்டும் மேசையில், மீதி நாள் மைனஸ் இருபது பாகைக் குளிர் அறைக்குள். கரட் வந்து இறங்கும் பெரிய மரப்பெட்டிகளின் பக்கத்தில் கறுப்பு மையில் ஊரின் பெயர் அடித்திருக்கும்: ஒகாகுனே. ஏழு வருடமாக அந்தப் பெயரைத் தள்ளி, தூக்கி, அடுக்கியவர், அது மலையடிவாரத்து ஊர், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர் நிரம்பி வழிகிற ஊர் என்பதை என்னிடமிருந்துதான் அறிந்தார்.

நான் அந்த ஏப்ரல் மாதம்தான் திரும்பி வந்திருந்தேன். இரண்டரை வருடம் ஊர் ஊராக அலைந்தேன். கிடைத்த வேலையைச் செய்தேன். அதில் ஒரு குளிர்காலம் அல்ப்ஸ் மலையில் ஒரு சறுக்கு நகரத்தின் விடுதியில் அறை துப்புரவாக்கினேன். வெலிங்டனில் அப்பா அம்மாவோடு இரண்டு கிழமைகூட இருக்க முடியவில்லை. ஓக்லாந்தில் வேலை தேடுவதாகச் சொல்லிச் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். என் புகைப்படங்களைச் சித்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபுரம், பாலம், கடல் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்துத் தள்ளியவர், விடுதி வாசலில் பனி விழும் படத்தில் நின்றுவிட்டார்.

"இது விழேக்க சத்தம் கேக்குமோ பிள்ளை?"

"இல்லைச் சித்தி. இருக்கிற சத்தத்தையும் அது அமத்திப்போடும். ஊரே வாய் பொத்தின மாதிரி அடங்கியிருக்கும்."

சித்தி படத்தைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோவார் போலப் பிடித்திருந்தார். "எனக்குக் குளிர் எண்டாலே இரைச்சல்தான். மோட்டர் இரையும், ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் எண்டும், அதுக்கு மேல ஊர்மிளா கத்துவாள். குளிர் சத்தமில்லாமலும் இருக்குமோ?"

அடுத்த நாள் வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றமுதல் சொன்னார்: "ராகவி, நான் ஒகாகுனேக்குப் போகப்போறன். பனி விழுற இடத்தில ஒருக்கா நிண்டு கேக்கோணும். எப்பிடிப் போறதெண்டு நீ சொல்லு."

நாங்கள் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தோம். சித்தப்பா பென்ரோஸில் பெயின்ற் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அன்று வந்து குனிந்து பார்த்தார்.

"ஒகாகுனேயில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றார் சித்தி.

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போவான்?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். இது என் வேலை என்று அவருக்குச் சந்தேகம். "உமக்குப் பனி பாக்கோணும் எண்டால் ஃப்ரீசருக்குள்ள நில்லும். சம்பளமும் தருவான்."

எங்கள் ஆட்கள் இடத்துக்குப் போவதில்லை, ஆளிடம் போவார்கள். சிட்னி என்றால் அங்கே மச்சாள் இருக்கிறா, டொரோண்டோ என்றால் அண்ணர் இருக்கிறார். சித்தி தன் கணக்கை எனக்கு ஒருநாள் பாத்திரம் கழுவும்போது சொன்னார். கொழும்பில் மாமா வீடு. மெட்ராஸில் பெரியப்பாவின் மகன் வீடு. ஓக்லாந்தில் வந்து இறங்கியபோது சித்தப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியின் கராஜ். எங்கே படுத்தாலும் விடியமுதல் எழும்பி வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டலாம். "ஒரு நாள் எழும்பி, ஆருக்கும் தேத்தண்ணி போடாமல், கதவைத் திறந்து வெளியில வரோணும். பனி விழுந்துகொண்டிருக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

வேறொன்றும் வேண்டாம் என்றவர் ஆயத்தப்படுத்திய விதம் ஒரு படையெடுப்புக்குப் போதும். குளிர்காலத்தில் தொழிற்சாலையில் வேலை மந்தம், சறுக்குக் கூட்டமும் இன்னும் சேராத நேரம் என்று யூன் நடுப்பகுதியைத் தெரிவுசெய்தோம். அதற்குக் கஜானி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகக்கூடாது. அந்த வீட்டில் காய்ச்சலுக்கே அரை நாள் லீவுதான். இதைக் கேட்டுச் சித்தப்பா சோற்றுப் பிளேட்டோடு எழும்பிப் பின்வாசலுக்குப் போனார்.

பனிக்கான உடுப்பை வாடகைக்கு எடுக்கவேண்டும் என்றேன். "நான் ஏழு வருஷமாய் அதைத்தானே போட்டுக்கொண்டு நிக்கிறன்" என்ற சித்தி, ஊர்மிளாவிடம் ஜாக்கெட் கேட்டார். ஊர்மிளா ஃபிஜியிலிருந்து வந்தவர், குளிர் அறையின் சூப்பர்வைசர். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். வேலை உடுப்போடு விடுமுறைக்குப் போகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அங்கே போயும் கரட் அடுக்கப்போகிறாயா என்று சிரித்துவிட்டு, நான்கு ஜாக்கெட் கொடுத்தனுப்பினார். முதுகில் தொழிற்சாலையின் பெயரும் புன்னகைக்கும் ஒரு பச்சைப் பட்டாணியின் படமும்.

"நான் அதைப் போடமாட்டன். செத்தாலும் மாட்டன்" என்று கஜானி ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் எங்களுக்கு மறுமொழி சொல்வது எப்போதும் ஆங்கிலத்தில்தான்.

"பனிக்க நிண்டு தடிமன் பிடிச்சால் ஆர் பாக்கிறது? தலைக்கும் போடோணும்" என்று சித்தப்பா ஒரு சனிக்கிழமை ஓட்டாரா சந்தையிலிருந்து நான்கு குரங்குத் தொப்பிகளோடு வந்தார். அதைக் கண்டதும்தான் அவரும் வருகிறார் என்று எனக்கு நிச்சயமானது. அடுத்த ஞாயிறு, நல்ல வெய்யிலில், வீட்டு முன்பாதையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு சில்லுக்குச் சங்கிலி பூட்டப் பழகினார். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி சித்தப்பாவைப் பார்த்தார். கஜானி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

செய்தி கோயிலில் பரவியது. "ஒகாகுனேயில ஆர் இருக்கினம்?" என்று பத்மாவதி அன்ரி கேட்டார். ஒருவரும் இல்லை என்று சித்தி சொன்னதை அவர் நம்பவில்லை. ஒருத்தரும் இல்லாமல் ஒரு குடும்பம் நாலு ஜாக்கெட்டோடு போகுமா? அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பேச்சில் ஒகாகுனேயில் ஒரு தமிழ் டொக்டர் இருந்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் கலியாணம் கட்டாதவர், உரும்பிராய்ப் பக்கம், உயரமானவர். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பத்மாவதி அன்ரி என் கையைப் பிடித்து, "நல்ல முடிவு பிள்ளை. எவ்வளவு நாளைக்கு இப்பிடி அலைஞ்சு திரியிறது" என்றார்.

"டொக்டருக்கு என்ன சீதனம் குடுக்கிறியள் சித்தி?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"ரைஸ் குக்கர்" என்றார் சித்தி. காரை ஓரம்கட்டும் அளவுக்குச் சித்தப்பா சிரித்தார்.

தங்கும் இடத்தை நான் விடுதிப் பட்டியலில் பார்த்துச் சொன்னேன். தொலைபேசியில் பேசவேண்டியவர் தானே என்று சித்தி பிடிவாதம். "இது என்ர பயணம்." இரண்டு நாள் வசனங்களைப் பாடமாக்கினார். ஒரு புதன்கிழமை மாலை இலக்கத்தைச் சுழற்றினார். விடுதி நடத்தும் பெண்ணின் பெயர் டோரீன். எங்களுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

தன் பெயரையும் திகதியையும் சித்தி அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் கேள்விகள் தொடங்கின. சித்தி நிமிர்ந்து நின்று, வயரை விரலில் சுற்றிக்கொண்டு, "ஓம்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "ஓம்... ஓம்." மறுபடி கேட்டார். "ஓம். தாங்க்யூ. ஓம்." ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டினார்.

"புக் பண்ணியாச்சு!"

நாங்களும் கை தட்டினோம். ஆமாம் என்பதற்கு நாள் முழுக்க ஓம் ஓம் என்றே வாழ்கிற வீட்டில் அந்தச் சொல் யார் காதிலும் உறுத்தவில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். தே குயிட்டியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். உள்ளே காசு கட்டப் போன சித்தப்பா நீண்ட நேரம் வரவில்லை. வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. சித்தியின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"இஞ்சேரும், மலை வெடிச்சிட்டுதாம்."

"எந்த மலை?"

"நாங்கள் எத்தினை மலைக்குப் புக் பண்ணியிருக்கிறம்?"

கஜானி வோக்மனைக் கழற்றினாள். அந்தப் பயணத்தில் அது முதல் தடவை. "எரிமலையா? உண்மையாவா? கூல்!"

நான் உள்ளே ஓடிப்போய் விசாரித்தேன். ஒன்பது மாதத்துக்கு முன்னும் இதே ருவாபெஹு மலை வெடித்ததாம். நான் அப்போது நாட்டில் இல்லை. இந்த முறை சாம்பல் வடக்கே போகிறது, மறுபக்கத்து நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், மலைமேல் யாரும் ஏறக்கூடாது, சறுக்கு மைதானம் திறக்காது. ஆனால் ஒகாகுனே ஊர் திறந்திருக்கிறது, நாங்கள் போகும் வழியும் திறந்திருக்கிறது. வந்து இதைச் சொன்னேன். என் குரலில் சந்தோஷம் தெரிந்திருக்கவேண்டும். சித்தப்பா என்னை முறைத்தார்.

"திரும்புவம் கண்மணி. குண்டுக்கும் செல்லடிக்கும் ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இப்ப காசும் குடுத்து வெடிக்கிற இடத்துக்கே போறது?"

சித்தி ரைஸ் குக்கரின் மூடியை ஒருமுறை திறந்து மூடினார். அந்த முகத்தில் இரண்டு மாதமும் இருந்தது.

"அது ஆரையும் பாத்து வெடிக்கேல்லையப்பா" என்றார் கடைசியில். "தன்பாட்டில வெடிக்குது. போவம்."

சித்தப்பா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு ஏறி, தெற்கே திருப்பினார். வானொலி போடலாம் என்று சித்தி அனுமதி கொடுத்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு மலையைக் கண்டோம். வெள்ளை மலை; அதன் தலையிலிருந்து சாம்பல் நிறத் தூண் ஒன்று கிளம்பி, மேலே போய் வடக்கே சரிந்து, வானத்தின் ஒரு பக்கத்தையே மூடியிருந்தது. அவ்வளவு பெரிய அசைவு, ஆனால் எங்களுக்குச் சத்தமே வரவில்லை. சித்தப்பா தானாகவே காரை நிறுத்தினார். கஜானி பனிக்குளிரில் இறங்கி நின்று, டிக்கியைத் திறந்து, பட்டாணி ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒகாகுனேயின் வாசலில் ஆளைவிடப் பெரிய கரட் ஒன்று சிலையாக நிற்கிறது. சித்தி அதன் கீழே நின்று படம் எடுப்பித்தார். "இவனை அடுக்க நாலு பேர் வேணும்" என்றார். அன்றைக்கு அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாகிவிடும் என்று பயந்தேன், ஏனென்றால் விடுதி வாசலில் டோரீன் கையை விரித்தார்.

அறை இல்லை. வெடித்த செய்தி வந்த கையோடு பத்திரிகைக்காரரும் தொலைக்காட்சிக்காரரும் வந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

"ஆனால் நான் புக் பண்ணினேனே" என்றார் சித்தி.

டோரீன் அறுபது வயதைத் தாண்டிய, கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்ட பெண். அவருக்கும் சங்கடம். "நீ கூப்பிட்டது நினைவிருக்கு. அறை வைக்கவா என்று கேட்டேன், நீ தயங்கி 'அம்...' என்றாய். நான்கு பேரா என்றேன், 'அம்... அம்...' என்றாய். நிச்சயமாக வருவாயா என்று கேட்டேன், அப்போதும் 'அம்...' தான். பாவம், யோசிக்கிறாள், முடிவெடுத்தால் கூப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன்."

நானும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் பிடிபட்டது கஜானிக்கு.

"அம்மா! நீங்க 'ஓம்' எண்டு சொன்னீங்க!" அவள் தமிழில் கத்தியதை நான் அன்றுதான் கேட்டேன். பிறகு டோரீன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "அவங்க யோசிக்கவில்லை. எங்கள் மொழியில் ஓம் என்றால் ஆமாம். அவங்க உங்களுக்கு ஐந்து தடவை ஆமாம் சொல்லியிருக்காங்க" என்றாள்.

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு சித்தப்பா, கதவைப் பிடித்துக்கொண்டு. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. டோரீன் அதைக் கவனித்தார். சாவிக்கொத்தை எடுத்து, விடுதிக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். பிள்ளைகள் போன பின் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன.

"பாத்தியே" என்று சித்தி படுக்கையை விரிக்கும்போது முணுமுணுத்தார். "ஒருத்தரும் இல்லாத ஊரிலயும் ஒராளின்ர வீட்டில வந்து நிக்கிறன்."

பழக்கத்தில் அவர் விடியமுதல் எழும்பிவிட்டார். நான் கண் விழித்தபோது அவர் சமையலறை வாசலில் நின்றார். உள்ளே டோரீன் ஏற்கெனவே கேத்திலை வைத்திருந்தார். சித்தி கப் எடுக்கக் கை நீட்ட, டோரீன் அந்தக் கையை மெதுவாக விலக்கி, "வெளியே போய் உட்கார். கொண்டுவருகிறேன்" என்றார். சித்தி என்னைப் பார்த்தார், என்ன செய்வதென்று கேட்பதுபோல. நான் வெளிக்கதவைக் காட்டினேன்.

பனி விழவில்லை. வராந்தாவில் குளிர் மட்டும் நின்றது. விடியத் தொடங்க மலை தெரிந்தது; நேற்று வெள்ளையாக இருந்த அதன் மேற்பக்கத்தில் யாரோ அடுப்புக்கரியைக் கையால் தடவியதுபோல இருந்தது. சித்தி ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, குரங்குத் தொப்பியோடு, தட்டில் வந்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். வாழ்க்கையில் முதல் தடவை மற்றவர் போட்டுத் தந்ததைக் காலையில் குடிக்கிறார். சீனி போதவில்லை என்று பிறகு எனக்குச் சொன்னார்.

இதைப் பார்க்கத்தான் வந்தாயா என்று டோரீன் மலையைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை. பனி விழும் சத்தத்தைக் கேட்க வந்தேன்" என்று சித்தி ஆங்கிலத்தில் சொன்னார். குளிர் அறையின் மோட்டரைப் பற்றியும் சொன்னார், ஊர்மிளாவைப் பற்றியும், பெட்டிகளில் இந்த ஊரின் பெயர் இருப்பதைப் பற்றியும். டோரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது குளிர்காலம் இங்கே இருக்கிறேன், பனி விழுந்தால் சத்தம் நின்றுதான் எனக்கு விழிப்பு வரும், ஆனால் அதை யாரும் கேட்க வருவார்கள் என்று நினைத்ததில்லை என்றார்.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை பத்மாவதி அன்ரி ஆவலோடு வந்தார். "டொக்டர் எப்பிடி?"

"டொக்டர் இல்லை அன்ரி" என்றேன்.

"அப்ப ஒகாகுனேயில ஆர்தான் இருக்கினம்?"

சித்தி திருநீற்றைப் பூசிக்கொண்டு சொன்னார்: "எங்கட டோரீன் இருக்கிறா."

அதற்கடுத்த குளிர்காலம் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. சித்தி லீவு கேட்கப் பயந்தார். நான் மறுபடி வெளிக்கிட்டுப் போய், மறுபடி வந்தேன். 1998 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் சித்தி வேலையால் வந்து பதில் இயந்திரத்தின் பொத்தானை அமர்த்தினார். நாங்கள் எல்லோரும் சமையலறையில் இருந்தோம்.

"கண்மணி, டோரீன் பேசுகிறேன். ஃபோனை வராந்தாவுக்கு நீட்டுகிறேன். கேள்."

பிறகு ஒன்றும் இல்லை. நாடா சுழன்றுகொண்டிருந்தது.

"பழுதாய்ப்போச்சோ?" என்றார் சித்தப்பா.

"உஸ்!" என்றார் சித்தி. ஒரு கை இயந்திரத்தின் மேல், கண் மூடியிருந்தது. குளிர்சாதனப் பெட்டி இரைந்தது. கஜானி எட்டி அதன் சுவிட்சை நிறுத்தினாள்.

"கேட்டதா?" என்றது டோரீனின் குரல். "வீதி வரைக்கும் விழுந்திருக்கு, இன்னும் விழுகிறது. அறை வைத்திருக்கிறேன். வருகிறாயா? இந்தத் தடவை எனக்கு விளங்கும், நீ சும்மா 'ஓம்' என்று சொல்."